தேய்பிறை பிஸ்கட்

குன்னப்பாளையம் நகராட்சி எல்லைக்குள் எட்டு மாதமாக ஒரு நாய்க்குட்டி கூடப் பிறக்கவில்லை. அதனால்தான், ஜவுளிக் காலனி மூன்றாம் தெருவில் ஆறு குட்டிகள் கத்துகின்றன என்று வந்த புகாரை நகராட்சிக் கால்நடை டாக்டர் சுகந்தி முதலில் நம்பவில்லை.

புகாரில் இருந்த கதவு எண்ணைப் படித்ததும் ஏட்டு சென்னியப்பன் ஜீப்பை ஓரம் கட்டினார்.

“என்ன ஏட்டு?”

“ஒண்ணுமில்லீங்க மேடம். அது என்ற மக வீடுங்க.”

சுகந்தி அவரைப் பார்த்தாள். ஐம்பத்தாறு வயது. நகராட்சியின் பிராணிக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குக் காவல்துறை ஒதுக்கிய ஒரே ஆள். பதினோரு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வழக்குப் பதிந்தவர். ஊரில் அவருக்கு ‘பிஸ்கட் ஏட்டு’ என்று பெயர். ஒரு தடவை நகராட்சித் தலைவரின் பொமரேனியனையே பிடித்து வண்டியில் ஏற்றியிருக்கிறார்.

“வேணும்னா நீங்க ஜீப்லயே இருங்க. நான் மட்டும் உள்ள போறேன்.”

“அதெப்படிங்க? ஊரார் வூட்டுக்கு ஒரு சட்டம், என்ற மக வூட்டுக்கு ஒரு சட்டமுங்களா?” கியரைத் தட்டினார்.

சட்டம் எளிமையானது. இரண்டு கோடைக்கு முன்னால் ஊரில் பதினோராயிரம் நாய்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் கடிபட்டுச் செத்துப்போனார்கள். சுகந்தி கத்தியும் கையுமாக நின்று தினம் பதினான்கு நாய்களுக்குக் கருத்தடை செய்தாள். தினம் முப்பது குட்டிகள் பிறந்தன. அப்புறம் பிஸ்கட் வந்தது. நெய்யும் வெல்லமும் மணக்கிற, உள்ளங்கை அகல பிஸ்கட். நாய் ஒன்று தின்றால் போதும், ஆயுசுக்கும் குட்டி கிடையாது. தெருநாய்க்கு நகராட்சி போடும். வீட்டு நாய்க்குச் சொந்தக்காரர் போட வேண்டும். மறுத்தால் நாய் பறிமுதல், ஆளுக்கு ஆறு மாதம் உள்ளே.

நாய் பிஸ்கட்டைத் தின்றதா என்று பார்க்க ஒரு காகிதப் பட்டை. நாயின் எச்சிலைத் தொட்டால், தின்றிருந்தால் நீலமாகும். தின்னாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும்.

மைதிலி கதவைத் திறந்தாள். முப்பது வயது. கல்யாணமாகி ஏழு வருஷம்.

“வாங்கப்பா. வாங்க மேடம். புடிச்சுட்டுப் போக வந்தீங்களா, காப்பி குடிக்க வந்தீங்களா?”

“வாய் பேசாத. எங்க அது?” என்றார் சென்னியப்பன்.

அது சமையலறையில், பழைய புடவை மேல் படுத்திருந்தது. பொம்மி. செம்பட்டை நிறப் பெட்டை. மடியில் ஆறு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. சுகந்தி குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். ரொம்ப நாளாயிற்று, இந்தச் சூட்டைத் தொட்டு.

பிறகு சுவரில் ஒட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தாள். அவளே பங்குனியில் கையெழுத்துப் போட்டது. ‘பட்டைச் சோதனை: நீலம்.’

“இது நடக்கவே முடியாது. நீலம் வந்த நாய் குட்டி போடாது” என்றாள் சுகந்தி. “மருந்து தோத்திருக்கு. இல்ல, பட்டை தோத்திருக்கு. ஒண்ணாம் தேதியிலேருந்து மாநிலம் முழுக்க இதைக் கொண்டுபோறாங்க, தெரியுமா உனக்கு?”

மைதிலி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அது பொம்மி எச்சில் இல்லீங்க மேடம்.”

“பின்ன?”

“என்ற எச்சிலுங்க.”

சுகந்தி குட்டியைக் கையில் வைத்தபடியே அவள் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்குப் பொம்மி கடிச்சுப்போடும்னு சொல்லிப் பட்டையை வாங்கிட்டு நான்தானுங்களே உள்ள வந்தேன்? பிஸ்கட்டை அதுக்குப் போட மனசு வரலீங்க. எனக்குத்தான் கொடுப்பினை இல்ல, அதாச்சும் ஒரு தடவை பெத்துக்கட்டும்னு சாக்கடையில எறிஞ்சுட்டேன். பட்டையை என்ற நாக்குல வச்சேன். நீலமாச்சு. எச்சில் எதுவானாலும் நீலமாகும்போலன்னு நினைச்சுட்டு எடுத்தாந்து குடுத்துட்டேன்.”

“போலீஸ்காரன் மக பண்ற வேலையா இது?” சென்னியப்பன் கையை ஓங்கினார்.

“போலீஸ்காரன் மகளா இருக்கங்காட்டித்தான் இதெல்லாம் தெரிஞ்சுது.”

வேறு நாளாக இருந்தால் சுகந்தி சிரித்திருப்பாள். குட்டியைக் கீழே விட்டாள். பையிலிருந்து புதுப் பட்டை ஒன்றைப் பிரித்தாள்.

“மைதிலி, நாக்கை நீட்டு.”

முப்பது எண்ணுவதற்குள் பட்டை நீலமானது. வெளிர் நீலம் கூட இல்லை, மைக்கூட்டில் தோய்த்த மாதிரி.

சுகந்தி இன்னொரு பட்டையைத் தன் நாக்கில் வைத்தாள். வெள்ளை. ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். வெள்ளையேதான்.

தறிக் குடோனிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த மைதிலியின் கணவன் தனபால் விஷயம் புரியாமல் நாக்கை நீட்டினான். நீலம். “என்னங்க மாமா, எனக்கும் லைசென்ஸ் எடுக்கோணுமா?” என்று கேட்டான். சென்னியப்பன் தானே ஒரு பட்டையை வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். நீலம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரைக் கூப்பிட்டார்கள். ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பால்காரர், ஒரே காய்கறி வண்டி. டீச்சருக்கு வெள்ளை.

“மேடம், இந்தப் பட்டை எதைத்தான் காட்டுது?” தனபாலின் குரலில் இப்போது தமாஷ் இல்லை.

சுகந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். “இனப்பெருக்கத்துக்கு உத்தரவு போடற ஒரு ஹார்மோன் மூளையிலேருந்து புறப்படுது. அதை எதிரின்னு நினைச்சு அழிக்கச் சொல்லி இந்த பிஸ்கட் உடம்பைப் பழக்கிடும். பழகின உடம்பை இந்தப் பட்டை காட்டிக்குடுக்கும்.”

“அது நாய்க்குத்தானுங்களே?”

“அந்த ஹார்மோன் நாய்க்கும் பூனைக்கும் மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒண்ணுதான் தனபால். மருந்து மேல ஒரு உறை இருக்கு. நாய் வயித்துல மட்டும்தான் கரையும்னு தயாரிச்சவங்க எழுதிக் குடுத்தாங்க.”

“நீங்க சோதிச்சுப் பார்த்தீங்களா?”

“கையெழுத்துப் போட்டேன்” என்றாள் சுகந்தி.

மைதிலி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “நாங்க எதுக்குங்க மேடம் நாய் பிஸ்கட் திங்கறோம்?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு மிக மெதுவாக, அப்பாவும் கணவனும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையே மறந்தவளாகச் சொன்னாள்: “எனக்கு மூணு மாசமாத் தள்ளிப்போயிருக்குங்க. யார்கிட்டயும் சொல்லல. கடையில வாங்கிப் பார்த்ததுல ஒண்ணும் தெரியல. இன்னும் நாளாகோணும்போலன்னு நினைச்சேன். நாளைக்கு அஷ்டமிக்குப் போய்ச் சாமிகிட்டச் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு…”

சுகந்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டை நாய்களுக்கும் அப்படித்தான் நின்றுபோகும். முதலில் அது நிற்கும்.

அஷ்டமி என்ற வார்த்தையைக் கேட்டதும் சென்னியப்பன் தொப்பியைக் கழற்றினார்.

“மேடம்,” என்றார். “கோயிலுக்குப் போலாம் வாங்க.”

ஜீப்பில் அவராகவே சொன்னார். “திட்டம் ஆரம்பிச்ச அன்னிக்குப் பூசை போட்டமுங்களே, ஞாபகமிருக்குங்களா? நாய் பைரவர் வாகனம். அதனால முதல் பெட்டியை அவரு சன்னதியில வச்சு எடுக்கலாம்னு தலைவரு சொன்னாரு.”

“எடுத்தீங்களா?”

“எடுக்கலீங்க. சாமிக்கு வச்சதை எப்படீங்க திருப்பிக் கேக்கறது? அப்புறம் பார்த்தா, தேய்பிறை அஷ்டமிக்கு ஊர்ல இருக்கற நாய் பூராவும் அங்கதான் வருது. சனங்க பைரவருக்கு வடை மாலை, பிஸ்கட் மாலைன்னு சாத்திட்டு நாய்க்குப் போடறாங்க. தெருத் தெருவா நாயைத் துரத்தறதுக்கு இது சுலபமா இருந்துச்சு. மாசாமாசம் அஞ்சு பெட்டி நானே இறக்கிட்டு வந்தேன். நாய்க்குத்தான் போடுவாங்கன்னு…” மீதியை அவர் சொல்லவில்லை.

கோயிலில் நடை சாத்தும் நேரம். மண்டபத்தில் நாலைந்து பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, மறுநாளுக்காக மாலை கோத்துக்கொண்டிருந்தார்கள். ஊசி, நூல், நடுவில் திறந்த பெட்டி. பெட்டியின் மேல் நகராட்சி முத்திரை.

“வாங்கோ டாக்டர்!” குருக்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “முன்னெல்லாம் கடை பிஸ்கட் வாங்கிண்டு வருவா. மழைக்கு நமுத்துப்போகும். இது பாருங்கோ, பத்து நாளானாலும் மொறுமொறுன்னு இருக்கு. சர்க்கார் முத்திரை வேற. மனசார சாத்தறோம்.”

“சாத்தின மாலையை என்ன பண்ணுவீங்க, சாமி?”

“உடைஞ்சதெல்லாம் பைரவ வாகனத்துக்கு. முழுசா இருக்கறது பக்தாளுக்கு. எல்லாருக்கும் ஒண்ணு. வேண்டுதல்காராளுக்கு மூணு.”

“என்ன வேண்டுதல்?”

குருக்கள் அவளை இரக்கத்தோடு பார்த்தார். வெளியூர்க்காரி, பாவம். “இந்தப் பைரவர் சந்தான பைரவர் ஆச்சே. குழந்தை இல்லாதவாதான் அதிகம் வரா. ஈரோடு, கரூர்லேருந்தெல்லாம் பஸ் வருது.”

சென்னியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். மாலை கோத்துக்கொண்டிருந்த ஒருத்தி உடைந்த துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “உக்காருங்க ஏட்டய்யா, வெய்யிலு” என்றாள்.

அந்தப் பெட்டிகளை அப்போதே ஜீப்பில் ஏற்றினார்கள். குருக்கள் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று சுகந்தி பொய் சொன்னாள்.

நகராட்சி அலுவலகத்தில் ஆணையர் அறைக்குப் போகும் வழியில்தான் பிறப்பு இறப்புப் பதிவு அறை. இத்தனை மாதமாகத் தினம் அதைக் கடந்து போயிருக்கிறாள். முதல் தடவையாக உள்ளே நுழைந்தாள்.

“ஆனி மாசம் எத்தனை பிறப்பு?” என்று கேட்டாள்.

பதிவு எழுத்தர் அமிர்தகௌரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். “நானே கேக்கோணும்னு இருந்தேன் டாக்டரம்மா. ஆடியில புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வைக்கறதால சித்திரையில எப்பவும் குறையும். அது வழக்கந்தான். ஆனா வைகாசியிலயும் ஏறல. போன வருஷம் ஆனியில நூத்தி முப்பத்தொண்ணு. இந்த வருஷம் அம்பத்தெட்டு. சனங்க தனியார் ஆஸ்பத்திரின்னு கோயமுத்தூர் போயிடறாங்களாட்டம் இருக்குன்னு நினைச்சேன்.”

ஆணையர் அருளானந்தம் நல்ல மனிதர். காது கொடுத்துக் கேட்பவர். முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

“எத்தனை பேர்?”

“குறைஞ்சது நாலாயிரம் சார். வெளியூர் சேர்த்தா தெரியல.”

“திரும்பச் சரியாகுமா?”

“நாய்க்கு ஆகாது. மனுஷனுக்கு ஆகுமான்னு யாருக்கும் தெரியாது. யாரும் குடுத்துப் பார்த்ததில்லையே.” அவள் குரல் உயர்ந்தது. “திட்டத்தை இன்னிக்கே நிறுத்தணும் சார். ஒண்ணாம் தேதி நூத்தி நாப்பது ஊருக்குப் போகுது. எல்லா ஊர்லயும் கோயில் இருக்கு. எல்லா ஊர்லயும் ஒரு நல்ல மனுஷன் முதல் பெட்டியைச் சாமிக்கு வைப்பான்.”

“பிரசாதம்னு வெளிய தெரிஞ்சா ஊரு பத்திக்கும் டாக்டர்.”

“தெரியலைன்னா?”

அருளானந்தம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, திட்டத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டார். எதிர்முனையில் மென்மையான குரல். பேர் சொல்லிக்கொள்ளாத குரல். சுகந்தி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அந்தக் குரல் குறுக்கிடவே இல்லை.

“காய்ச்சல், வாந்தி ஏதாவது?” என்று கடைசியில் கேட்டது.

“இல்ல சார்.”

“பிஸ்கட்டைப் பத்தி யாராவது புகார் பண்ணினாங்களா? ருசி, வாசனை?”

“இல்ல சார். விரும்பித்தான் சாப்பிட்டிருக்காங்க.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு: “ரொம்ப நல்ல வேலை பண்ணியிருக்கீங்க டாக்டர். ஒண்ணாம் தேதி விநியோகத்தை நிறுத்தி வைக்கிறோம். சனிக்கிழமை எங்க குழு அங்க வரும். பாதிக்கப்பட்டவங்களை ஒரே இடத்துல சேருங்க. அதுவரை வெளிய பேசாதீங்க.”

சுகந்தி வராந்தாவுக்கு வந்தபோது சென்னியப்பன் எழுந்து நின்றார். நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரிபண்ணிருவாங்களா மேடம்? என்ற புள்ளைக்கு நானே என்ற கையால…”

“குழு வருது ஏட்டு. பெரிய ஆளுங்க.”

சனிக்கிழமை காலை. நகராட்சிக் கல்யாண மண்டபம். ‘மகளிர் நல முகாம்’ என்று துணி கட்டியிருந்தது. சென்னியப்பன் மூன்று நாளாகத் தூங்காமல் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த கூட்டம். முந்நூறு பெண்கள், அவர்களோடு வந்த ஆண்கள். பேச்சும் சிரிப்புமாக வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. முதல் ஆளாக மைதிலி. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

“ஊசியா மேடம், மாத்திரையா?” என்று கேட்டாள். “எதுவானாலும் பரவால்லீங்க.”

குழுவில் ஐந்து பேர். வெள்ளை வேன், குளிர்ப்பெட்டிகள். தலைமை தாங்கியவர் ஒல்லியாக, விளிம்பில்லாத கண்ணாடி போட்டிருந்தார். பேசியதும் சுகந்திக்கு அடையாளம் தெரிந்தது. அதே மென்மையான குரல்.

“உட்காரும்மா. வயசு? எடை? எத்தனை அஷ்டமி போனே?”

“பதினொண்ணும் போனேனுங்க.”

“ஒவ்வொரு தடவையும் மூணு?”

“ஆமாங்க. ரெண்டு நான் சாப்பிட்டுட்டு ஒண்ணு அவருக்குக் குடுப்பேன்.”

“அப்ப இருபத்திரண்டு.” எழுதிக்கொண்டார். “எப்ப நின்னுச்சு?”

மைதிலி தலை குனிந்து சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். அவள் கையை மடக்கிக்கொண்டு எழுந்து, ‘அவ்வளவுதானா?’ என்பதுபோல் சுகந்தியைப் பார்த்தாள்.

சுகந்தி மேஜையிலிருந்த படிவத்தை எடுத்தாள். பெயர் இல்லை, எண் மட்டும். வயது, எடை, உண்ட அளவு, பட்டை நீலமாக ஆன நேரம். பின்பக்கம் திருப்பினாள். காலியாக இருந்தது.

“சிகிச்சை விவரம் எங்க எழுதறது சார்?”

“அது அப்புறம் டாக்டர்.”

“அப்புறம்னா? அந்தக் குளிர்ப்பெட்டியில என்ன இருக்கு?”

“ரத்தக் குழாய்கள். காலி.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இங்க ஒரு சிக்கல். ஏட்டு குடுத்த பட்டியல்ல எல்லாரும் மாசாமாசம் ரெண்டு மூணுன்னு சாப்பிட்டிருக்காங்க. அது எங்களுக்கு அவ்வளவாப் பயன்படாது. மொத்தமே ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டவங்க வேணும். பாதி சாப்பிட்டவங்க கிடைச்சா இன்னும் நல்லது.”

“எதுக்கு?”

“ஒரு ஆளுக்கு எவ்வளவு குறைச்சலாக் குடுத்தாப் போதும்னு தெரியணும் இல்லையா?”

அவர் அதைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, பொறுமையாகத்தான் சொன்னார். சுகந்தி படிவத்தை மேஜையில் வைத்தாள்.

“ஒண்ணாம் தேதி விநியோகத்தை நிறுத்திட்டதா சொன்னீங்களே.”

“நிறுத்தி வைக்கிறோம்னு சொன்னேன். நாய்க்குப் போட்டுட்டிருந்தது கொஞ்சம் வீண்தான்னு மேலிடத்துல அபிப்பிராயம்.” பேனா மூடியைத் திருகினார். “நீங்கதான் கண்டுபிடிச்சது. உங்க பேரை அறிக்கையில முதல்ல போட்டிருக்கேன்.”

அவர் பின்னால் விறைப்பாக ஒரு சல்யூட் விழுந்தது. சென்னியப்பன். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. ‘மேலிடம்’, ‘குறைச்சல்’ எல்லாம் அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. காதில் விழுந்தது ஒன்றுதான்: ஆள் வேண்டும். ஆள் கிடைத்தால் மருந்து கிடைக்கும்.

“சார், பாதி சாப்பிட்டவங்கன்னா புள்ளைங்கதானுங்க. அம்மாமாரு கையில இருந்து பாதி பாதியாக் கடிச்சுத் தின்னும்ங்க. எந்தெந்த வூடுன்னு எனக்குத் தெரியும். கூட்டியாரட்டுங்களா?”

கண்ணாடிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். “எத்தனை பேர் தேறும்?”

“நூறுக்குக் குறையாதுங்க.”

“ஏட்டு, வேண்டாம்! நில்லுங்க!” சுகந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். வரிசை நெரிந்தது. நம்மை விட்டுவிட்டு டாக்டரம்மா எங்கே போகிறாள் என்று பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையின் வாயைத் திறந்து காட்டினாள். பிடியை உதறிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது ஜீப் புறப்பட்டிருந்தது.

ஜவுளிக் காலனி முதல் தெருவில் அது நிதானமாகத் திரும்பியது. நாய் பிடிக்கப் போகும்போது வைக்கும் அதே ஒலிபெருக்கி. ஆனால் இன்று அந்தக் குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது.

“தாய்மாருங்களே, கோயில் பிஸ்கட் தின்ன புள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க சாமி… பெரிய டாக்டருங்க வந்திருக்காங்க… பயப்படாதீங்க, நான் சென்னியப்பன் சொல்றேன்…”

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.